கறுப்புத் தூள்

நிரஞ்சலா மிஸ் அந்தக் கருவியை மிளகாய் மூட்டையின் மேல் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். கைக்குள் அடங்கிவிடும் கருவி. அரைக்கும் இயந்திரத்தின் வாய்க்குக் கீழே வாளியைப் பிடித்திருந்த நிஷாந்திக்கு அங்கிருந்தே திரை தெரிந்தது. எண்கள் ஏறின. நூறைத் தாண்டிய பிறகும் நிற்கவில்லை. மில்லின் சொந்தக்காரி றாபியா முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவள் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நல்லதா மிஸ், கூடாதா?"

"கூடாது. இருநூறைத் தாண்டிட்டுது. இதில கால்வாசிதான் இருக்கலாம்."

"மொளகா அரைக்கிற எடத்துல மொளகா பறக்காம மல்லியப்பூவா பறக்கும்?"

நிரஞ்சலா மிஸ் சிரிக்கவில்லை. சுற்றாடல் அலுவலகத்திலிருந்து காற்றை அளக்க அனுப்பப்பட்டவர். வவுனியாப் பக்கத்துப் பெண், மாத்தளைக்கு மாற்றலாகி வந்து அதிக காலமில்லை. இரண்டு முறை தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவியை எடுத்தார். வெளியேறும்போது நிஷாந்தியின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நிஷாந்தி வாளிக்குள் குனிந்துகொண்டாள்.

மில்லின் காற்றை மட்டும் அளந்தால் போதாது, சுற்றுப்புறத்தையும் அளக்க வேண்டுமாம். மிஸ் மில் இருந்த குறுகிய ஒழுங்கையின் எதிர்ப்பக்கம் போனார். அங்கே ரமேஸின் பழைய இரும்புக் கடை. கடை என்று சொன்னாலும் தகர வேலி அடித்த ஒரு வளவுதான். உடைந்த தொலைக்காட்சிகளும் குளிர்சாதனப் பெட்டிகளின் கறுத்த வயிறுகளும் மோட்டார்களும் குவிந்து கிடக்கும். ரமேஸ் ஒரு மோட்டாரை மடியில் வைத்து அதன் செம்புக் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், பாதியாக வெட்டிய பீப்பாய் ஒன்று தகரத்தால் மூடிக் கிடந்தது. அது ஆறிப்போயிருந்தது. நடுப்பகலில் அது எப்போதும் ஆறித்தான் இருக்கும்.

"நம்ம பக்கம் எவ்வளவு மிஸ்?"

"நாப்பத்தொண்டு."

"அப்ப பாஸா?"

"இந்த நேரத்துக்கு, ஓம்."

"கேட்டீங்களா மதினி?" ரமேஸ் ஒழுங்கையைத் தாண்டிக் கத்தினான். "இரும்பு பாஸு, மொளகா பெயிலு!"

நிஷாந்தி மில் வாசலில் நின்றிருந்தாள். மிஸ்ஸை இங்கே வரவைத்த முறைப்பாட்டைக் கொடுத்தவளே அவள்தான். அவள் கொடுத்த முறைப்பாடு மில்லைப் பற்றியது அல்ல.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு காலை, அதே ஒழுங்கையில் இருந்த தன் வீட்டு ஜன்னல் விளிம்பை அவள் ஈரத்துணியால் துடைத்தாள். முந்தின நாள்தான் துடைத்திருந்தாள். துணி கறுத்தது. விரலால் தேய்த்துப் பார்த்தால் மை போல ஒட்டியது, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. கொடியில் காய்ந்த பள்ளிச் சீருடையின் வெள்ளைத் தோளில் அதே கறுப்பு. ஆறு வயது மகள் டிலுக்ஷியின் மூக்கைத் துடைத்தாள். கைக்குட்டையிலும் அதே. பிள்ளைக்கு அன்று விடியலில் மூச்சிழுப்பு வந்திருந்தது. மழைக்காலம் தொடங்கிய பிறகு எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் விட்டிருந்தாள்.

அன்று டிலுக்ஷியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் ரமேஸ்தான். எப்போதும் அவன்தான். கூப்பிட்ட மாத்திரத்தில் ஆட்டோவை எடுப்பான். சட்டை போட்டிருக்கிறானா இல்லையா என்று பார்க்க மாட்டான். பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது மேடு பள்ளத்தில் ஆட்டோ குலுங்கக் கூடாதென்று இன்னொருவன் யோசிப்பானா? அவன் யோசிப்பான். மாஸ்க்கைப் பிள்ளையின் முகத்தில் வைத்து மருந்துப் புகை பிடித்து முடியும் வரைக்கும் வார்டு வாசலிலேயே குந்தியிருப்பான். அவனும் நிஷாந்தியின் கணவன் ஜீவராஜும் இரத்தோட்டைக்கு மேலே ஒரே தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். ஜீவராஜ் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான், மாதத்துக்கு ஒரு தடவை வருவான். போகும்போது ரமேஸின் தோளைத் தட்டி, "பாத்துக்கடா" என்பான். ரமேஸ் பார்த்துக்கொண்டான்.

ஆனால் வெள்ளி முளைக்கும் முன்பே எழுந்து, அந்தப் பீப்பாய்க்குள் வயர்ச் சுருள்களைப் போட்டு எரிப்பவனும் அவன்தான். மேலே இருக்கும் பிளாஸ்டிக் எரிந்து போனால் உள்ளே செம்பு கிடைக்கும். உரித்து எடுப்பதென்றால் கை கிழியும், நாளும் போதாது. ஊர் விழிக்கும்போது நெருப்பு அணைந்திருக்கும். புகையைப் பார்த்தவர் எவருமில்லை. மீதமாக இருப்பது இந்தத் தூள் மட்டும்.

அதனால்தான் அலுவலகக் கவுண்டரில் அவள் புகை என்று சொல்லவில்லை. தான் கண்டதைச் சொன்னாள். கவுண்டருக்கு அப்பால் இருந்த இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த சிங்களத்தில், "கலு குடு எனவா சேர்" என்றாள். கறுப்புத் தூள் வருகிறது. அவ்வளவுதான் அவள் நினைத்தது.

அவன் நிமிர்ந்தான். "குடுத?" என்றான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தூளுக்கும் சிங்களத்தில் குடுதான், பையன்கள் ஒளித்து இழுக்கும் போதைக்கும் குடுதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னால் ஒருவர் சிரித்தார். அப்படியென்றால் போலீசுக்குப் போங்கள் என்றான் இளைஞன். அவள் கன்னம் எரிய, அது இல்லை, இது வேறு குடு, பறக்கிற குடு என்று கையை ஆட்டிக் காட்டினாள். எங்கிருந்து பறக்கிறது என்றான். ஒழுங்கையின் பெயரைச் சொன்னாள். ஒழுங்கையில் எந்த இடம்? யாருடைய இடம்?

ரமேஸ் என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து, ஒரு மூச்சில் முடிந்துவிடும். விடியலில் வார்டு வாசலில் குந்தியிருந்தவனின் வெற்று முதுகு கண்ணுக்குள் வந்தது. "பேரு தெரியாது சேர்" என்றாள்.

இளைஞன் நல்லவன்தான். விரட்டவில்லை. உதவத்தான் பார்த்தான். நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டான். அரைக்கிற மில்லில் என்றாள். அவன் முகம் தெளிந்தது. "ஆ, மிரிஸ் குடு!" கறுப்பு என்றால் மிளகு. மிளகாய்த் தூள், மிளகுத் தூள். வேலை செய்கிற இடத்தைச் சொல்லப் பயப்படுகிறாள் பாவம் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். உங்கள் பெயர் வெளியே வராது என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் தட்டச்சுப் பலகையில் அடித்தான். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. இல்லையென்றால் பிறகு எது என்பான். அவள் நின்றாள். அடுத்தவர் முன்னால் வந்துவிட்டார்.

மிஸ் வந்து அளந்துவிட்டுப் போன பிறகு, மில்லை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அரைக்கும் இயந்திரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டும், தூளைப் பிடிக்கப் பை பூட்ட வேண்டும், குழாயைக் கூரைக்கு மேல் ஏற்ற வேண்டும். அதுவரைக்கும் ஓட்டக் கூடாது. முத்துமாரியம்மன் கோவில் தேர் நெருங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளும் மல்லியுமாகப் பை தூக்கி வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுக் கீழே சந்தைப் பக்கம் நடந்தார்கள்.

"எவனுக்கு வயிறு எரிஞ்சிச்சு புள்ள?" என்றாள் றாபியா. இருவரும் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "இருவது வருசமா அரைக்கிறன். என்ட மக்கள் ரெண்டு பேரும் இந்த மூட்டைக்கு மேலதான் தூங்கி வளந்த. ஒருத்தனுக்குத் தடிமன் கூட வரல்ல. இப்ப நான் ஊரையே கொல்றனாம்."

"விடுங்க ராத்தா."

"நீ ஏன் மொகத்த அப்படி வெச்சிக்கிற? ஒனக்கு வேல போவாது, பயப்படாத. செவரு கட்டினதும் தொறப்பம்."

நிஷாந்தி இரும்புச் சல்லடையை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஏசினாலாவது பரவாயில்லை.

மில் ஓடாத நாட்களில் அவள் வீட்டில் இருந்தாள். அதுவரை பகலில் வீட்டில் இருந்ததே இல்லை. ஜன்னலைச் சாத்தினால் தகரக் கூரை வேகும். திறந்தால் விளிம்பு கறுக்கும். ஜீவராஜ் தொலைபேசியில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். கவுண்டரையும் சொன்னாள். அந்தப் பக்கம் கடைத் தெருவின் இரைச்சல் கேட்டது.

"ரமேஸ் பேர சொல்லிறாத" என்றான் பிறகு.

"அப்ப நான் யாரு பேர சொல்றது? ராத்தா மில்ல மூடியாச்சு."

"புள்ளைக்கு ஏலாம வந்தா யாரு தூக்கிட்டு ஓடுறது? நான் இங்கேர்ந்து ஓடி வரவா?"

"அவன் எரிக்கிறதுனாலதானேங்க புள்ளைக்கு ஏலாம வருது!"

"அது ஒனக்கு எப்பிடி தெரியும்? டாக்டரு சொன்னாரா? டாக்டரு குளிருன்னாரு, பூன முடின்னாரு. நீ என்னா டாக்டரா?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். வீட்டில் பூனை இருந்ததே இல்லை.

அடுத்த நாள் ரமேஸிடமே போனாள். அவன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். பின் இருக்கையில் டிலுக்ஷிக்கென்றே ஒரு சின்னத் தலையணை போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவள் யோசித்து வந்ததெல்லாம் கலைந்தது. இருந்தாலும் சொன்னாள்.

"தம்பி, அந்த வயர் எரிக்கிறத விட்டுறேன். புள்ளைக்கு ஒத்துக்கல."

ரமேஸ் கழுவுவதை நிறுத்தினான். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அவளும் கத்தியிருப்பாள்.

"மதினி, நானும் அப்பிடித்தான் பயந்துகிட்டு இருந்தேன், சத்தியமா. மெஷின் வந்துச்சுல்ல? நாப்பத்தொண்ணு. ஒங்க மில்லுல இருநூறு. நீங்க நாளெல்லாம் அதுக்குள்ள நின்னுட்டு, அதே சேலையோட வந்து புள்ளைய தூக்குறீங்க. நான் ஒண்ணும் சொல்லலயே."

"மெஷினு பகல்ல வந்துச்சு. நீ வெடியமுன்ன எரிக்கிற."

"வெடியமுன்ன எரிச்சா பகல்ல காத்துல இருக்காதுல்ல? போயிரும்ல? அப்பறம் என்னா?"

"போகல தம்பி. எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கு. வந்து பாரு."

"சரி மதினி, ஒங்களுக்காக" என்றான் அவன். "இனிமே புள்ள ஸ்கூலுக்கு போன பொறகு எரிக்கிறேன். சரியா?"

அவன் சொன்னதைக் காப்பாற்றினான். டிலுக்ஷியின் பள்ளி வான் முனை திரும்பியதும்தான் பீப்பாயைத் திறந்தான். ஒரு வாரம் அப்படிப் போனது. மத்தியானம் பிள்ளை வீட்டுக்கு வந்து, ஜன்னலுக்குக் கீழே தரையில் படுத்துப் படம் கீறினாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் இழுப்பு வந்தது. ரமேஸ்தான் கொண்டுபோனான். வழியில் அவன் சொன்னான்: "பாத்தீங்களா, நேரத்த மாத்தியும் வந்திருச்சு. அப்ப நம்மளது இல்ல மதினி." அவன் குரலில் இருந்தது நிம்மதி. பிள்ளையின் விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே இழுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நிஷாந்திக்கு, எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல இருந்தது. உடைக்க ஆட்டோவில் எதுவுமில்லை.

சுவர் பாதி எழும்பிய நிலையில் நிரஞ்சலா மிஸ் மறுபடியும் வந்தார். றாபியா மேசனோடு சீமெந்து வாங்கப் போயிருந்தாள். மில்லைப் பெருக்க வந்த நிஷாந்தி மட்டும் இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்ததால் டிலுக்ஷியைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் வெறும் சாக்குகளின் மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஓடாத மில்லின் காற்று சுத்தமாக இருந்தது.

மிஸ் சுவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் கழுத்துக்குழியைப் பார்த்தார்.

"பிள்ளைக்குத் தொய்வோ?"

"இழுப்பு மிஸ்."

"மிளகாய்த் தூளாலயோ?"

நிஷாந்தி விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள். "மிஸ், நான் ஒண்ணு கேக்கவா? இங்க இருநூறு, வெளிய நாப்பதுன்னீங்க. இருநூத்துல நான் வருசக்கணக்கா நிக்கிறேன், எனக்கு தும்மலு மட்டுந்தான். நாப்பதுல தூங்குற புள்ளைக்கு நெஞ்சு அடைக்குது. மெஷினுக்கு பைத்தியமா, எனக்கு பைத்தியமா?"

மிஸ் மூட்டையில் உட்கார்ந்தார்.

"உங்கட மில்லில தராசு இருக்குத்தானே?" என்றார். "அதில ஒரு கிலோ சீனி வைச்சாலும் ஒரு கிலோ எலிப்பாசாணம் வைச்சாலும் முள் ஒரே இடத்திலதான் நிக்கும். இந்த மெஷினும் அப்பிடித்தான். எவ்வளவு பறக்குதெண்டு சொல்லும். என்ன பறக்குதெண்டு அதுக்குத் தெரியாது."

"அப்ப எதுக்குங்க அத தூக்கிட்டு வாறீங்க?"

"என்னட்ட இருக்கிறது அதுதான்." அவர் குரல் சலித்திருந்தது. "மிளகாய்த் தூள் பெரிசு. மூக்கிலயும் தொண்டையிலயும் நிண்டிடும். கனக்க சுவாசிக்கிறது நல்லதில்லைத்தான், எண்டாலும் தும்மினால் பாதி வெளியால வந்திடும். எரியிறதில இருந்து வாறது மாவை விடக் கன மடங்கு சின்னன். நெஞ்சின்ர அடிமட்டும் போகும். செம்பு இருக்கும், ஈயம் இருக்கும், பிளாஸ்டிக் எரிஞ்ச நஞ்சும் அதில ஒட்டியிருக்கும். கொஞ்சம் போனாலே காணும், நெஞ்சைப் பழுதாக்க. நிறை பாத்தால் ஒண்டுமேயில்லை. சட்டம் நிறையைத்தான் கேக்குது."

"இது தெரிஞ்சுகிட்டே மில்ல மூடினீங்களா?"

"என்னட்ட வந்த முறைப்பாடு மில்லைப் பற்றினது."

மிஸ் அவளைப் பார்க்காமல் தன் கைப்பையின் பட்டியைச் சரிசெய்தார்.

"இன்னொரு கருவி இருக்கு. ஒரு முழுநாள் ஓட விட்டால் வடிதாள் ஒண்டில தூளைப் பிடிக்கும். அதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பிரிச்சுச் சொல்லுவினம். அதை எடுத்துக்கொண்டு வாறதெண்டால் எந்த இடமெண்டு நான் சொல்லோணும். மாதக்கணக்கிலயும் எடுக்கலாம். கடைசியில ஒண்டும் நடக்காமலும் போகலாம். பொய் சொல்ல மாட்டன்."

"மிஸ்ஸுக்கு எடம் தெரியாதா?"

"எனக்கு விளங்குது. நான் விளங்கினது மட்டும் காணாது. இங்க இருக்கிற ஒராள் சொல்லோணும்."

இருவரும் மில் வாசலுக்கு வந்தார்கள். ஒழுங்கையில் வெயில் அடித்தது. எதிர்ப்பக்கம் ரமேஸ் குந்தியிருந்து ஒரு மோட்டாரைச் சுத்தியலால் பிளந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் தகர வேலி அதிர்ந்தது.

"பேர் வேண்டாம்" என்றார் நிரஞ்சலா மிஸ். "இடத்தைக் காட்டினால் காணும்."

சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று நிஷாந்தி யோசித்துப் பார்த்தாள். ஜீவராஜ் வீட்டுக்கு வந்து முகம் கொடுத்துப் பேச மாட்டான். ரமேஸுக்குத் தெரியாமல் போகாது. வடிதாள் எங்கோ ஒரு மேசையில் கிடக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு இழுப்பு வரும். வாசலில் நின்று யாரைக் கூப்பிடுவாள்? சொல்லாவிட்டாலும் அடுத்த வெள்ளிக்கிழமை இழுப்பு வரும். எந்தப் பக்கம் போனாலும் வந்து நிற்பது அங்கேதான் என்பது அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அவன் கெட்டவனாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

வலது கையைத் தூக்கினாள். ஒழுங்கைக்கு மேலாக நேரே நீட்டினாள். விரலை மடக்கவில்லை. நிரஞ்சலா மிஸ் அந்த விரலின் திசையில் மெதுவாகத் திரும்பினார்.

சுத்தியல் சத்தம் நின்றது. ரமேஸ் நிமிர்ந்து பார்த்தான். வெயில் கண்ணில் அடித்ததால் புறங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, நீட்டிய கையையும் அவளையும் பார்த்தான். அவன் முகம் மாறியது. சுத்தியலைக் கீழே போட்டான்.

"புள்ளைக்கா மதினி?" என்று கத்தினான். "ஏலலயா? இருங்க, இருங்க, வந்துட்டேன்!"

அவன் ஆட்டோவுக்கு ஓடினான். முதல் இழுப்பில் இயந்திரம் பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். வளவுக்குள்ளேயே வண்டியை ஒடித்துத் திருப்பி, ஹோர்னை அடித்தபடி ஒழுங்கைக்குள் இறங்கினான்.

நிஷாந்தி கையை இறக்கவில்லை. அவளுக்குப் பின்னால் டிலுக்ஷி சாக்கிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மூச்சு சீராகத்தான் வந்தது. ஆட்டோவின் சத்தம் கேட்டதும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வந்து, அம்மாவின் பக்கத்தில் புறப்படத் தயாராக நின்றாள்.